போர்வைக்குள் நுழைவது எப்படி?



உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். ஆசிரியர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவார். ஆனால், இடைவேளை மணி அடித்ததும் தனியே உட்கார்ந்திருப்பார். நாலு பேர் சிரித்தால், எதற்கென்று புரியாமல் விழிப்பார். விளையாட்டில் சேர்த்தாலோ, சின்ன விஷயத்துக்குக் கோபித்துக்கொண்டு போய்விடுவார். உடனே நாம், ‘தலைக்கனம்’ என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

கணித மேதை ராமானுஜனின் கதையைக் கேளுங்கள். ஈரோட்டில் 1887-இல் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். கூச்ச சுபாவம் உள்ளவர். 1914-இல் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜுக்குப் போனார். பேராசிரியர் ஹார்டியே வியந்த அந்த மூளைக்கு, அங்குள்ள சின்னச் சின்னப் பழக்கங்கள் பிடிபடவில்லை. குளிரில் மேல்கோட்டோடு, சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்கினார்.

இது, அங்கே படித்த மகலனோபிஸ் என்ற வங்காள மாணவருக்குத் தெரிந்தது. அவர் படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் நிறையவே இருந்தன! மெத்தையோடு இறுக்கிச் செருகியிருந்த அவற்றை விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்பதுதான் ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ் கேலி செய்யவில்லை. எப்படிப் போர்த்திக்கொள்வது என்று செய்து காட்டினார். இருவரும் நல்ல நண்பர்கள் ஆனார்கள்.

இன்னொரு நாள், ராமானுஜன் தம் கையால் சமைத்து விருந்து வைத்தார். விருந்தினர் மூன்றாம் முறை வாங்கிக்கொள்ளாமல், ‘போதும்’ என்றார்கள். அவ்வளவுதான், மனம் நொந்து யாரிடமும் சொல்லாமல் வெளியேறிவிட்டார்! சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்த பிறகுதான் அவர் இருக்குமிடம் தெரிந்தது. அது தலைக்கனமா? இல்லை; சட்டென்று வாடிவிடும் மனசு.

பட்டுக்குப் பெயர் பெற்ற ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகள் தறியைப் பார்த்திருப்பீர்கள். ஓர் இழை அறுந்தால், நெசவாளர் பாவையே அறுத்து எறிவதில்லை. தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடி முடிந்த பிறகே மேலே நெய்வார். நட்பிலும் அந்தப் பொறுமை வேண்டும்.

என்ன செய்யலாம்? ‘நீயும் வா’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘நீ ஸ்கோர் எழுது’ என்று ஒரு வேலை கொடுங்கள். விளையாட்டின் விதியை முன்கூட்டியே சொல்லுங்கள். தவறு செய்தால் பத்துப் பேர் முன்னால் அல்ல, தனியே சொல்லுங்கள். மற்றவர்கள் கேலி செய்தால், பக்கத்தில் போய் நில்லுங்கள், ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

அந்தத் தனியான பிள்ளை நீங்கள்தானா? கவலை வேண்டாம். புரியாததை, ‘எனக்குச் சொல்லித் தருகிறாயா?’ என்று ஒருவரிடம் கேளுங்கள். பழகுவதும் கணக்கைப் போலத்தான். போடப் போட வரும். நூறு நண்பர்கள் தேவையில்லை, ஒருவர் போதும்.

ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22, இன்று தேசிய கணித தினம். மகலனோபிஸ் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவி, பெரிய அறிஞர் ஆனார். அவர் பிறந்த ஜூன் 29, தேசிய புள்ளியியல் தினம். இரண்டு மேதைகளின் நட்பு ஒரு கம்பளியில் தொடங்கியிருக்கிறது!

நாளை இடைவேளையில், தனியே உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் போய் உட்காருவீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்