கேமரன் மலை சிறு பேக்கரிகள்: பணம் மூட்டையில் முடங்குகிறது

முட்டைக்கான அரசாங்க உதவித் தொகையும் விலைக் கட்டுப்பாடும் 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி முடிவுக்கு வந்தன. அதே நாளில், ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் கட்டாயமானது. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் ஓர் அடுப்பை நம்பிப் பேக்கரி நடத்துவோருக்கு இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

முட்டைக்கு முன்பு கிடைத்த உதவித் தொகை 10 சென். மே மாதம் அது 5 சென்னாகக் குறைந்தது. 30 முட்டை கொண்ட ஒரு தட்டுக்கு 3 ரிங்கிட். வாரம் பத்துத் தட்டு உடைக்கும் கடைக்கு 30 ரிங்கிட். இது தாங்கக்கூடியதுதான். இனி விலை நிலையாக இருக்காது என்பதே சிக்கல். சில வாரம் இறங்கவும் செய்யலாம். ஆனால் கேக் விலையை மாதா மாதம் மாற்ற முடியுமா?

மாவில் இந்தப் பாடம் பழையது. 1.35 ரிங்கிட் ஒரு கிலோ மாவுப் பொட்டலமும் 2.50 ரிங்கிட் எண்ணெய்ப் பொட்டலமும் குடும்பங்களுக்கானவை, வியாபாரத்துக்கு அல்ல. 25 கிலோ மூட்டைக்கான உதவித் தொகை 2016-லேயே நின்றுவிட்டது.

‘விலை ஏறுமுன் வாங்கிப் போடுவோம்’ என்று தோன்றுவது இயல்பு. கையில் 3,000 ரிங்கிட் முதல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000-க்கு மாவு, வெண்ணெய், சாக்லேட் வாங்கி அடுக்கினால், முட்டை, எரிவாயு, வாடகை, சம்பளம் எல்லாம் மீதி ஆயிரத்தில்தான். நம் மலையின் பனியும் ஈரமும் வேறு. திறந்த மூட்டை சீக்கிரம் கட்டிபிடிக்கும். பள்ளி விடுமுறையில் ஸ்கோன் பறக்கும், அடுத்த வாரமே சாலை வெறிச்சோடும். வாரம் 500-க்கு வாங்கி, விற்ற பணத்தில் அடுத்ததை வாங்குவதே பாதுகாப்பு. மழைக்காலம் மட்டும் விதிவிலக்கு. மண் சரிந்து தாப்பா சாலை அடைபட்டால் லோரி ஏறாது. அப்போது மாவும் சீனியும் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

டெக்குனின் ஸ்பூமி கடனும், இந்தியப் பெண்களுக்கான அமானா இக்தியாரின் ‘பெண்’ கடனும் இருக்கின்றன. அந்தப் பணம் அடுப்புக்கும் மாவு பிசையும் இயந்திரத்துக்கும் போகலாம். மாவு வாங்கக் கடன் எடுப்பது, என் பார்வையில், தவறு. ரொட்டி இரண்டு நாளில் தீர்ந்துவிடும், தவணை தீராது.

தோட்டத்தில் இன்னொன்றும் உண்டு. ‘சம்பளம் வந்ததும் தர்றேங்கா’ என்று வாங்கிப்போகும் பிறந்தநாள் கேக். முகம் பார்த்து மறுக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். தீபாவளி ஆர்டருக்காவது பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டால், வெண்ணெய்க்கும் முட்டைக்கும் கைக்காசு போட வேண்டியதில்லை.