ஜீப்பை இறக்கு, ராசா!

பேரன் தன் தார் ஜீப்பை நாலு அங்குலம் தூக்கி வைத்துவிட்டு, "மலைக்கு இதுதான் சரி, தாத்தா" என்றான்.

எந்த மலைக்கப்பா? போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பிரெஞ்சுப் பள்ளியில் முசியே நடத்திய பாடம் இன்றும் நினைவிருக்கிறது: அடி அகன்றால் நிற்கும், தலை கனத்தால் கவிழும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி அன்றாடம் மலையேறும் கிழட்டு ஜீப்புகளை 40 வருஷமாகப் பார்க்கிறேன். பகட்டுக்காக உயர்த்தியவன் எவனுமில்லை.

பதிவுச் சான்றிலுள்ள கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

நான் நச்சரித்த பிறகு ஸ்பிரிங்கை மாற்றி மூன்று அங்குலம் இறக்கினான். எதிரே வருபவன் கண்ணைக் கூசவைத்த முகப்பு விளக்கும் தாழ்ந்தது. மிச்சம் ஓர் அங்குலம். அது மலைக்கல்ல, வீம்புக்கு. அதையும் இறக்கு, ராசா!