உடற்பயிற்சிக்கும் வேண்டும் ஓர் ஆய்வுக் குறிப்பேடு

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நான் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "என்ன வர வேண்டும் என்று பார்த்து எழுதாதே, என்ன வந்ததோ அதை எழுது." சில மாணவர்கள் பாடநூலில் உள்ள எண்ணை முதலில் பார்த்துவிடுவார்கள். பிறகு தங்கள் அளவீட்டைச் சற்றே 'சரிசெய்து' அட்டவணையில் நிரப்புவார்கள். நானும் கண்டுபிடித்துக் கண்டிப்பேன். அதே தவற்றை என் வீட்டு வரவேற்பறையில் நானே நான்கு வாரங்கள் செய்துகொண்டிருந்தேன் என்பதை இன்று வாசகர்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாம் ஒரு இரத்தப் பரிசோதனையில் தொடங்கியது. என் எச்பிஏ1சி அளவு 6.1 விழுக்காடு. "இன்னும் நீரிழிவு வரவில்லை. ஆனால் வாசலில் நிற்கிறீர்கள்" என்றார் மருத்துவர். என் அப்பா அந்த வாசலைத் தாண்டி இருபது ஆண்டுகள் ஆகின்றன. கால் விரல் ஒன்றையும் அதற்குப் பறிகொடுத்துவிட்டார். நம் நாட்டில் இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர்.

ஆகவே, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, தொண்ணூறு நாள் காணொளிப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினேன். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, தொலைக்காட்சி முன் குதிப்பதும் குனிவதும் புஷ்-அப் எடுப்பதும்தான் வேலை. ரொட்டி சானாயை விட்டேன். தே தாரிக்கையும் விட்டேன். காலையும் மாலையும் தராசில் ஏறினேன். முதல் நாள் 81.4 கிலோ. எட்டாம் நாள் 82.1 கிலோ! அன்றே பயிற்சியை மூட்டை கட்டிவிட நினைத்தேன்.

நீங்களும் இப்படி ஒரு 'எட்டாம் நாள்' கண்டிருக்கலாம். பலர் பயிற்சியைக் கைவிடுவது உடல் ஒத்துழைக்காததால் அல்ல, தவறான அளவுகோலை நம்பியதால்தான் என்பது என் கருத்து.

எடை ஏன் கூடியது? கடும் பயிற்சிக்குப் பழகும் தசைகள் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பைப் பெருக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்தே தங்குகிறது. பழக்கமில்லாத அசைவுகளால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் வீக்கமாகச் சிறிது நீரைப் பிடித்து வைக்கிறது. மறுபுறம், ஒரு லிட்டர் வியர்த்தால் ஒரு கிலோ 'குறைகிறது'. தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே, ஒரு வாரத்தில் கரையும் சில நூறு கிராம் கொழுப்பு தராசில் எப்படித் தெரியும்?

இந்த உண்மையை மனிதன் அறிந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இத்தாலியின் பாதுவாவில் பேராசிரியராக இருந்த மருத்துவர் சாந்தோரியோ, பெரிய துலாக்கோலில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, பல ஆண்டுகள் தன்னையும், தான் உண்டதையும், தன் கழிவுகளையும் நிறுத்துப் பார்த்தார். உள்ளே போன அளவுக்கும் வெளியே வந்த அளவுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆவியாக உடல் நாள் முழுவதும் எடை இழக்கிறது என்ற முடிவுக்கு வந்து, 1614இல் அதை நூலாக வெளியிட்டார். அவர் ஒரே ஒருநாள் எடையை வைத்து எந்த முடிவுக்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தராசை விட்டுவிட்டு, புஷ்-அப் எண்ணிக்கைக்கு மாறினேன். முதல் நாள் 9. இருபத்தெட்டாம் நாள் 22. பெருமை தாங்கவில்லை. படிவம் இரண்டில் படிக்கும் அக்கா மகளை அழைத்துக் காட்டினேன். அவள் தன் கைமுட்டியைத் தரையில் என் நெஞ்சுக்கு நேர் கீழே வைத்தாள். "மாமா, நெஞ்சு என் கையைத் தொட்டால்தான் ஒன்று" என்றாள். ஏழு எடுத்ததும் "இது கணக்கில் வராது" என்று மூன்றைத் தள்ளினாள். கடைசியில் என் கணக்கு 14.

அந்த எட்டுப் புஷ்-அப் எங்கிருந்து வந்தது? நான் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. களைப்பு கூடக் கூட, இறங்கும் ஆழம் குறைந்திருக்கிறது. எண்ணிக்கை மட்டும் குறையாமல் ஏறியிருக்கிறது. விரும்பிய விடைக்காக அளவுகோல் சுருங்கிக் கொடுத்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நான் கண்டிக்கும் அதே தவறு!

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் 'கட்டுப்படுத்தப்பட்ட மாறி' என்று படித்தது நினைவிருக்கிறதா? இங்கே தேவைப்படுவது அதுதான். ஒரே நேரம், ஒரே அறை, ஒரே ஆழம், ஒரே வேகம், முடிந்தால் ஒரே சாட்சி. நம் நாட்டு வெப்பத்தில் இது இன்னும் முக்கியம். புழுக்கமான அறையில் உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் கூடுதல் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் நாடி ஏறுகிறது. இன்று மின்விசிறியோடும் அடுத்த மாதம் மின்விசிறி இல்லாமலும் அளந்தால், அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது.

எதை அளப்பது என்பதற்கு முன், எப்போது எது மாறும் என்று தெரிந்திருக்க வேண்டும். உடலுக்குள் பல கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன.

முதலில் மாறுவது நரம்பு மண்டலம். தொடக்க வாரங்களில் கூடும் வலிமையின் பெரும்பகுதி தசை பருத்ததால் வருவதல்ல. இருக்கும் தசை நார்களை மூளை திறமையாக ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. ஆகவே முதல் மாதம் கண்ணாடியில் மாற்றம் தேடாதீர்கள்.

அடுத்தது இதயம். ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடும்போது, ஓய்வு நேர நாடித்துடிப்பு குறைகிறது. பயிற்சிக்குப் பின் நாடி விரைவாக அடங்குகிறது. இதை வீட்டிலேயே அளக்கலாம். பள்ளிகளில் நடக்கும் செகாக் சோதனையில் மாணவர்கள் மூன்று நிமிடம் பெஞ்சில் ஏறி இறங்கி நாடியை எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டு மாடிப்படியின் கடைசிப் படி போதும். மூன்று நிமிடம், ஒரே தாளத்தில். உட்கார்ந்ததும் ஒரு நிமிட நாடியை எண்ணி எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதுமானது.

கடைசியாக வருவது இரத்தச் சர்க்கரைக் கடிகாரம். சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். அவற்றில் ஒட்டியுள்ள சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிக் கதையைச் சொல்கிறது. பரிசோதனைக்கு முதல்நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது.

அறிவியலாளர்களும் இப்படித்தான் அளக்கிறார்கள். இன்று பலர் வீட்டில் செய்யும் 'தபாத்தா' பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் இசுமி தபாத்தாவின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில் 20 விநாடிக் கடும் மிதிவண்டிப் பயிற்சி, 10 விநாடி ஓய்வு என்று ஆறு வாரம் சோதித்தார்கள். அவர்கள் கண்டது உடலின் அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாட்டில் உயர்வும், ஆக்சிஜன் துணையின்றி உழைக்கும் திறனில் 28 விழுக்காடு உயர்வும். 'எத்தனை கிலோ குறைந்தது' என்பது அவர்களுடைய கேள்வியே அல்ல.

கைக்கடிகாரம் காட்டும் கலோரியையும் பெரிதாக நம்ப வேண்டாம். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவை நாடியை ஓரளவு சரியாகக் காட்டின. கலோரிக் கணக்கிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழை காட்டியது. '500 கலோரி எரித்துவிட்டேன்' என்று நாசி லெமாக் கடைக்குப் போகும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அளந்தால் மனிதன் எண்களுக்கு அடிமையாகிவிட மாட்டானா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாள்தோறும் அளப்பவனுக்கு அந்த ஆபத்து உண்டு. அதனால்தான் குறைவாக அளக்கச் சொல்கிறேன்: வாரத்தில் சில காலைகளின் எடைச் சராசரி, மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாடியும் புஷ்-அப்பும். மற்ற நாட்களில் ஒரே வரி: செய்தேனா, இல்லையா, எப்படி இருந்தது. எண்ணுக்காக வலியைப் பொருட்படுத்தாமல் போவதும் தவறு. கடும் பயிற்சிக்குப் பின் தசைவலி மிகக் கடுமையாகி, சிறுநீர் அடர் பழுப்பு நிறமானால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையின் அறிகுறி அது.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள்: செய்யாத நாட்களை. என் குறிப்பேட்டில் தொண்ணூறில் இருபத்தொரு நாட்கள் 'இல்லை' என்றே இருக்கின்றன. அவற்றில் பன்னிரண்டு, தேர்வுத்தாள் திருத்திய வாரங்கள். என் எதிரி சோம்பல் அல்ல, வேலை நெருக்கடி என்பதை அந்தப் பக்கம்தான் எனக்குக் காட்டியது. இப்போது அந்த வாரங்களுக்கு இருபது நிமிடப் பயிற்சி தனியாக வைத்திருக்கிறேன்.

முடிவு என்ன என்கிறீர்களா? எடை 79.9 கிலோ, ஒன்றரைக் கிலோதான் குறைவு. படி ஏறிய பின் நாடி 128இலிருந்து 109. நேர்மையான புஷ்-அப் 24. எச்பிஏ1சி 5.8. இந்த 0.3 குறைவு மகிழ்ச்சிதான். ஆனால் ஆய்வுக்கூட அளவீட்டிலேயே சிறு ஏற்ற இறக்கம் உண்டு. உணவை மாற்றியதும் இதில் சேர்ந்திருக்கிறது. எனவே ஒரே ஒரு சோதனையை வைத்து 'வென்றுவிட்டேன்' என்று எழுத மாட்டேன். அடுத்த மூன்று மாதமும் தொடர்ந்து, மீண்டும் பார்க்க வேண்டும்.

இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் இன்றைய எண்களை, எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், அப்படியே எழுதுங்கள். எண்ணுவதற்கு மட்டும் வீட்டில் கண்டிப்பான ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அக்கா மகள் இருக்கிறாள். இன்னமும் கைமுட்டியைத் தரையில் வைத்துக்கொண்டுதான் எண்ணுகிறாள்.