கொதிகலன் அறையின் தூசி

நம் ஊர்களில் கூரைத் தகட்டின் பெயராகவே பெரும்பாலோர் அறிந்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார், நெருப்புக்கு அஞ்சாத குணம் படைத்ததாகையால், பிரிட்டிஷ் கடற்படையின் பழைய கப்பல்களிலே கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் போர்வையாக இருந்து வந்தது. குழாயில் கசிவு கண்டால், காற்றோட்டம் குன்றிய கொதிகலன் அறையில் மாலுமி சுத்தியலால் அப்போர்வையைத் தட்டிப் பெயர்ப்பான். விளக்கொளியில் வெண்தூசி மிதக்கும். பணி முடிந்து அவன் உறங்கும் தூளிப் படுக்கைக்கு மேலேயும் அதே குழாய்தான் ஓடும். பீரங்கி அதிரும்போதெல்லாம் கம்பளியின்மீது பொடி உதிரும்.

சுவாசத்தோடு உட்புகுந்த அந்த நுண்ணிய இழைகள், முப்பது நாற்பது வருஷங்கள் அரவமின்றிக் கிடந்து, பேரன் பேத்திகளோடு இளைப்பாற வேண்டிய முதுமையில், நுரையீரலைச் சூழ்ந்த மெல்லிய சவ்விலே மீசோதீலியோமா என்னும் புற்றுநோயாகத் தலைதூக்குகின்றன. அதன் பின் இரண்டாண்டு உயிரோடிருப்பவர் சிலரே.

வியாதியின் கொடுமை இது. சட்டத்தின் கொடுமை வேறு. ஊழியத்தில் நேர்ந்த தீங்குக்காகப் படைவீரன் சர்க்கார்மீது வழக்காடுவதை, 1947-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 10-ஆம் பிரிவு தடுத்திருந்தது. 1987-இல் அத்தடை நீங்கிற்று. ஆனால் அதற்கு முன் நேர்ந்தவற்றுக்கு அந்த நீக்கம் செல்லாது. 1955-இல் சுவாசித்த தூசி 1995-இல் நோயாக வெளிப்பட்டாலும், அது 1955-இன் தீங்காகவே எண்ணப்பட்டது. டெவன்போர்ட் கப்பல் பட்டறையில் அதே கப்பலைப் பழுதுபார்த்த தொழிலாளிக்கு நீதிமன்றத்தின் வாசல் திறந்திருக்க, அவன் அருகில் நின்ற சீருடைக்காரனுக்கு மட்டும் அது மூடியிருந்ததற்கு என்ன நியாயம் உண்டு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவனுக்கு எஞ்சியது போர் ஓய்வூதியம். ஓராண்டே ஆயுள் மிஞ்சியவனுக்குத் தவணை தவணையாக வரும் பணம் எதற்கு ஆகும்? மனைவி இருந்தால் அவளுக்கேனும் ஒரு பாத்தியதை உண்டு; துணையற்றவன் கண்மூடினால் அத்தோடு தீர்ந்தது. முன்னாள் படைவீரர்களின் நலன் காக்கும் ராயல் பிரிட்டிஷ் லீஜன் சங்கத்தார் விடாது வாதாடியதன் பயனாக, 1,40,000 பவுண்டை ஒரே தொகையாக வழங்க 2015 டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் இசைந்தது. அதையும் முதலில் இனி நோய் காண்போருக்கு மாத்திரமே என்றார்கள். முன்பே படுக்கையில் விழுந்தவர்களைச் சேர்த்துக்கொள்ள 2016 பிறக்க வேண்டியிருந்தது. சாகுந்தறுவாயில் இருப்பவனுக்கு இரண்டு மாதம் சிறிய காலமா?

அந்த ஏற்பாடும் மீசோதீலியோமா ஒன்றுக்கே வகுக்கப்பட்டது. கல்நாரால் நுரையீரல் இறுகியவர்களுக்கும், அதனால் நுரையீரல் புற்று கண்டவர்களுக்கும் அதே உரிமை வேண்டும். மூச்சுக்குத் திணறும் கிழவனை அழைத்து, எந்தக் குழாயருகே நின்றாய், சாட்சி யார் என்று கேட்கலாகாது. எந்த ஆண்டில், எந்தக் கப்பலில், என்ன பணிக்கு அவனை அனுப்பினார்கள் என்பது கடற்படையின் சொந்தப் பதிவேட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது.