சங்கரன்கோவிலுக்கு இரண்டு முகவரியா?

ஹரியும் சிவனும் ஒன்று என்பது எங்கள் ஊர்க் கதை. ஆனால் கணினிக்கு ‘சங்கரன்கோவில்’ என்ற பெயரே இரண்டு! ‘கோ’வின் ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

ஜெக்கில் போன்ற ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டரில் கோப்பின் பெயர்தான் பக்க முகவரி. கோப்பு ஒரு வடிவத்தில், இணைப்பு இன்னொன்றில் என்றால் லினக்ஸ் சர்வரில் 404தான்.

“பேசாமல் ஆங்கிலத்தில் வை” என்பார்கள். தமிழ் முகவரியை நகலெடுத்தால் 13 குறியீடுகள் 117 எழுத்துகளாக நீள்வது உண்மைதான். அதற்காகத் தமிழை விடுவதா? ஒரு செருகுநிரல் எழுதி, முகவரி, இணைப்பு இரண்டையும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றினால் போதும். ரூபியில் அதற்கு ஒரே கட்டளை. ஆனால் அதை நாம் தனியே சேர்க்கக் கூடாது. ஜெனரேட்டரிலேயே இருக்க வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் நண்பர்களே?