பிணவறையிலிருந்து அமைச்சரவைக்கு

தோழனே! மருத்துவனுக்கு அரசியல் எதற்கு என்று கேட்பாருண்டு. சிலி நாட்டு சால்வடார் அயெண்டேயைக் காட்டு!

மருத்துவம் படித்தவருக்கு வால்பரைசோ துறைமுக நகரிலே கிடைத்த வேலை பிணப் பரிசோதனை. கத்திக்குத் தெரிந்தது நுரையீரலை அரித்த காசம். கத்திக்குத் தெரியாதவை கூலிக் குறைவு, காற்று நுழையாக் குடில்! அவற்றையும் கண்டார் அவர். 1939இல், 31 வயதில், சுகாதார அமைச்சர். நோயின் வேர் வறுமையே என்று அதே ஆண்டு நூலும் தீட்டினார். 1952இல் பிறந்தது நாடு தழுவிய பொது மருத்துவத் துறை. அதற்காக மேலவையிலே வாதாடியவர் அவர்.

1970இல் குடியரசுத் தலைவர். குழந்தைக்கு நாள்தோறும் அரை லிட்டர் பால் என்றார். பாலா புரட்சி என்று நகைப்போர், பசித்த பிள்ளையின் தாயைக் கேட்கட்டும்!

1973 செப்டம்பர் 11. மாளிகைமீது குண்டு பொழிந்தது இராணுவம், உள்ளேயே மாண்டார். அவரை வீழ்த்திய ஆட்சியும் பிள்ளைகளுக்குப் பால் வழங்குவதை நிறுத்தவில்லை.