மலை ரயிலைப் படம் பிடிக்கணுமா?

மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் ஊட்டி மலை ரயிலுக்காக மொபைலும் கையுமாகக் காத்திருப்பவர்களுக்குச் சின்ன ஏமாற்றம்: முதலில் வருவது பெட்டிதான்! குன்னூர் வரை நீராவி இன்ஜின் பின்னாலிருந்துதான் தள்ளும். இன்ஜின் முன்னே வர வேண்டுமென்றால், பிற்பகலில் குன்னூரிலிருந்து இறங்கும் வண்டியைப் பிடியுங்கள்.

என்னைக் கேட்டால் ஹில்குரோவ் ஸ்டேஷன்தான் பெஸ்ட். இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது நீங்களும் இறங்கலாம். பிளாட்பாரத்தில் நின்றபடியே இன்ஜினையும், தண்டவாளத்தின் நடுவே ஓடும் பல் தண்டவாளத்தையும் நிதானமாக எடுக்கலாம்.

தண்டவாளத்தில் இறங்கி செல்ஃபி வேண்டவே வேண்டாம், உயிருக்கே ஆபத்து. ரயில்வே சட்டப்படி 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் வேறு. ஓடும் ரயிலில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதீர்கள். வழியில் 16 குகைகள் இருக்கின்றன!